சிம்பன்சியின் பல்லும் ரெபெக்காவின் முகமும்

ஒரு கண்டெய்னர் ஷூவில் பாதி கெட்டுப்போனதால் நான் ஜெர்மனி போனேன். ஊரில் சொல்லிக்கொண்டது வேறு. "கம்பெனி செலவுல ஃபாரின் ட்ரெயினிங்" என்று என் வீட்டுக்காரர் மாதனூர் பஸ் ஸ்டாப்பிலிருந்து பால் சொசைட்டி வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். விஷயம் என்னவென்றால், நாங்கள் அனுப்பிய ஷூக்களில் கயிறு கோக்கும் ஓட்டையைச் சுற்றிய தையல் பிரிந்துகொண்டு வந்தது. அத்தனையையும் திருப்பி வரவழைத்தால் கட்டுப்படியாகாது. அதனால் இரண்டு பேரை அனுப்பி, அங்கேயே குடோனில் உட்கார்ந்து சரிசெய்து கொடுக்கச் சொன்னார்கள். தோல் கம்பெனிகளில் இதற்கு ரீவொர்க் என்று பெயர். ரீவொர்க்குக்குப் போகிறவர்கள் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் இல்லை. கம்பெனி சார்பாகத் தலை குனிந்து நிற்கப் போகிறவர்கள்.

நான் சுமதி, ஸ்டிச்சிங் லைன் சூப்பர்வைசர். கூட வந்தவர் பாஷா பாய், ஃபினிஷிங் மாஸ்டர், ஆம்பூர்க்காரர். ஷூவைக் கையில் வாங்கி மோந்து பார்த்தே என்ன பசை போட்டார்கள் என்று சொல்லிவிடுவார். வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் வாயைத் திறக்கிற வேலை என்னுடையது, ஏனென்றால் எனக்கு ஃபேக்டரி இங்கிலீஷ் வரும். ஃபேக்டரி இங்கிலீஷ் என்றால் டேமேஜ், ரிஜெக்ட், அர்ஜென்ட், நோ ப்ராப்ளம் சார். இதை வைத்து இரண்டு வருஷம் லைனை ஓட்டியவளுக்கு மூன்று வாரம் ஜெர்மனியை ஓட்ட முடியாதா என்று கிளம்பிவிட்டேன்.

விமானம் மேலே ஏறியபோது பாஷா பாய் கண்ணை மூடிக்கொண்டு துஆ ஓதினார். எனக்குச் சாமி ஞாபகமும் வரவில்லை, வீட்டுக்காரர் ஞாபகமும் வரவில்லை. ரெபெக்கா ஞாபகம்தான் வந்தது. ஒருநாள் கம்பெனி பஸ்ஸுக்கு மேலே ஒரு விமானம் போனபோது அவள் கேட்டாள், "ஏண்டி, அதுல பாத்ரூம் போனா அது எங்கடி போவும்? நம்ம தலையிலயா?" அன்றைக்கு பஸ்ஸே சிரித்தது. எங்கள் இரண்டு பேரில் யார் முதலில் விமானம் ஏறுகிறோமோ அவள் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்று பேச்சு. நான் பார்த்துவிட்டேன். 'சொர்' என்று ஒரு சத்தம், எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆனால் அவளோடு பேச்சு நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ரெபெக்கா பன்னிரண்டு வருஷம் என் பக்கத்து மிஷின். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரி. காலையில் கம்பெனி பஸ் வரும் நேரத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் யாருக்கும் தலை வார நேரம் இருக்காது. தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு ஓடிவந்து ஏறுவோம். ஆம்பூர் போய்ச் சேர்வதற்குள் பின்சீட்டுக்காரி முன்சீட்டுக்காரிக்குச் சடை போட்டுவிடுவாள். எனக்குப் போட்டவள் அவள். முடியை இழுத்துப் பிடித்துக்கொண்டே வீட்டு வம்பு, மாமியார் வம்பு, லைன் வம்பு எல்லாம் பேசி முடித்துவிடுவோம். அவளுக்குக் கை வேகம், எனக்கு வாய் ஜாஸ்தி.

நான் சூப்பர்வைசர் ஆன எட்டாவது மாசம் அது நடந்தது. ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர், பையர் ஒருவர், லைனைப் பார்க்க வந்திருந்தார். ஒரே தோலிலிருந்து வெட்டிய துண்டுகளைத்தான் ஒரு ஜோடிக்குத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடது கால் ஒரு நிறம், வலது கால் ஒரு நிறமாகிவிடும். கட்டுக்குக் கட்டு நம்பர் போட்டுத்தான் மிஷினுக்கு வரும். ரெபெக்கா அன்றைக்கு இரண்டு கட்டுகளைக் கலந்துவிட்டாள். பையர் இரண்டு துண்டுகளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"கண்ணு இன்னா பொடனியிலயா இருக்கு? நம்பர் பாக்கத் தெரியாதா?" என்று அத்தனை பேருக்கும் முன்னால் கத்தினேன். ரெபெக்கா எழுந்து நின்றாள். நின்று, சிரித்தாள். நான் கத்தக் கத்த அவள் வாய் அகலமாகிக்கொண்டே போனது. மேல்வரிசை, கீழ்வரிசை எல்லாம் தெரிந்தது. "இன்னாடி இளிக்கிற? என்னப் பாத்தா உனக்குக் கேலியா இருக்குதா?" என்றேன். "இல்ல சுமதி..." என்றாள், அப்போதும் அந்த இளிப்பு போகவில்லை. அங்கேயே அவளை மிஷினிலிருந்து எழுப்பி நூல் வெட்டும் டேபிளுக்கு அனுப்பினேன். பன்னிரண்டு வருஷம் தைத்தவளை நூல் வெட்டச் சொல்வது, கல்யாண சமையல்காரரைத் தண்ணீர் தூக்கச் சொல்வது மாதிரி.

மறுநாள் அவள் பஸ்ஸில் முன்பக்கம் போய் உட்கார்ந்தாள். லைனில் என்னைப் பார்த்தால் "மேடம்" என்றாள். ஒரு மாசத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். அந்தக் கம்பெனி பஸ்ஸும் எங்கள் ரோட்டில்தான் போகிறது, ஐந்து நிமிஷம் முன்னால். சிநேகிதி ஒரு படி ஏறினால் பொறுக்காமல் பல்லைக் காட்டிக் கேலி செய்தாள், இவளும் ஒரு சிநேகிதியா என்று நானும் வீறாப்பாக இருந்துவிட்டேன். ஆனால் தினமும் அந்த ஐந்து நிமிஷத்தை எட்டிப் பிடிக்க முடியாதா என்று ஸ்டாப்புக்கு முன்கூட்டியே போய் நின்றதும் உண்டு. அவள் பஸ் ஜன்னலில் யாரோ ஒருத்தியின் தலையை வாரிக்கொண்டிருப்பாள். அதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு முழுக்க எனக்குப் பேஜார்.

ஜெர்மனியில் எங்களைக் கொண்டு போய் விட்டது வாய்க்குள் நுழையாத பெயருள்ள ஒரு சின்ன ஊர். ஐப்பசிக் குளிர். முதலில் உறைத்தது வாசனை இல்லாததுதான். ஆம்பூரைத் தாண்டும்போது தோல் பதனிடும் வாசனைக்கு ரயிலில் வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள், நாங்கள் அந்த வாசனையிலேயே வாழ்கிறவர்கள். அங்கே என் மூக்குக்கு வேலையே இல்லை. தெருவில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, ஹார்ன் அடிப்பதில்லை. ஒரு கிழவர் நாயோடு போனார், நாயும் குரைக்கவில்லை.

காலைச் சாப்பாட்டுக்குக் கல் மாதிரி ஒரு ரொட்டி, அதன்மேல் தடவ நாலு விதமான சில்லென்ற சமாச்சாரம். வேகவைத்த முட்டையைச் சின்னக் கிண்ணத்தில் நிறுத்தி அதற்குக் கம்பளிக் குல்லா போட்டிருந்தார்கள். "முட்டைக்கே குளுரு தாங்கல, நம்ம கதி இன்னாம்மா?" என்றார் பாஷா பாய். நான் கொண்டுபோன தக்காளித் தொக்கை ரொட்டிமேல் தடவினோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு, இதுதான் பிரியாணி, இதுதான் கத்திரிக்காய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தின்றார். மூன்றாம் நாளே தொக்கு பாட்டிலில் பாதி கம்மி.

குடோன் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம் நாலைச் சேர்த்தால் வரும் அளவு. அங்கே பெட்டி அடுக்கும் வேலையில் ஒரு தமிழ்க்காரி இருந்தார், யோகேஸ்வரி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருஷம் ஆகிறதாம். "வாங்கோ, இந்தியாவிலை இருந்தோ வந்தனீங்கள்?" என்று கேட்டதும் எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. யோகா அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். மூன்று வாரத்துக்கும் என் வாய் அவர்தான்.

மூன்றாம் நாள் ஒரு கூத்து. எங்கள் கம்பெனியில் ஷூவில் குறை இருந்தால் அந்த இடத்தைக் காட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம், சரிசெய்ததும் பிய்த்துவிடுவோம். ஸ்டிக்கர் இல்லாத ஷூ என்றால் நல்ல ஷூ. பழக்கதோஷத்தில் நான் சரிசெய்த ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட்டு அடுக்கினேன். அந்தக் குடோனிலோ ஸ்டிக்கர் இல்லாத ஷூ என்றால் இன்னும் யாரும் பார்க்காத ஷூ என்று கணக்காம். நல்லதென்றால் பச்சை ஒட்ட வேண்டுமாம். ஒருநாள் வேலை முழுக்க, பார்க்காத குவியலோடு கலந்துவிட்டது.

குடோன் மேனேஜர் வந்தார். நல்ல உயரம், மூஞ்சி சிவந்திருந்தது. ஒரு ஷூவை என் மூக்குக்கு நேரே ஆட்டிக்கொண்டு ஜெர்மனில் பொரிந்து தள்ளினார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. 'நோ ப்ராப்ளம் சார்' கூட வாயில் வரவில்லை. தள்ளி நின்ற யோகா அக்கா உட்பட எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். அவர் கத்திவிட்டுப் போனபிறகு எனக்குக் கன்னம் இரண்டும் வலித்தது. அது மட்டும்தான் ஞாபகம்.

டீ நேரத்தில் யோகா அக்கா கேட்டார், "ஏன் பிள்ளை நீங்கள் சிரிச்சனீங்கள்? அந்தாள் நல்லா ஏசினவர். நீங்கள் சிரிக்கச் சிரிக்க அவருக்கு இன்னும் கோவம் ஏறினது. இது உங்களுக்குப் பகிடியோ எண்டு கேட்டவர்."

"நான் எங்கக்கா சிரிச்சேன்? எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"சிரிச்சனீங்கள். முழுப் பல்லும் தெரிஞ்சது."

பாஷா பாயைப் பார்த்தேன். அவரும் தலையை ஆட்டினார். இவர்களுக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு டீயைக் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லீவு. பக்கத்து நகரத்தில் ஒரு பெரிய சர்ச், அதைப் பார்க்கலாம் என்று நானும் பாஷா பாயும் ரயில் ஏறினோம். நான் ஜன்னலோரம் பார்த்துப் பின்பெட்டியில் உட்கார்ந்தேன், பாஷா பாய் பாத்ரூம் தேடி முன்பக்கம் போனார். நடுவில் ஒரு ஸ்டேஷனில் 'டக்' என்று ஒரு குலுக்கல். பார்த்தால், முன்பாதி ரயில் அதுபாட்டுக்கு ஒரு பக்கம் போகிறது, எங்கள் பாதி இன்னொரு பக்கம் திரும்புகிறது. ஜோலார்பேட்டை ஜங்ஷனுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் நான், பெட்டி கழற்றுவதைப் பார்க்காதவளா? ஆனால் அங்கே கழற்றுவதற்குள் ஊரே இறங்கி வடை தின்று டீ குடித்துவிட்டு ஏறலாம். இங்கே கண் மூடித் திறப்பதற்குள் பாயைக் கொண்டு போய்விட்டார்கள். ஃபோனில் கூப்பிட்டால் "நான் சர்ச்சுக்குப் போறேன், நீ எங்கம்மா போற?" என்கிறார், எனக்கா தெரியும்?

அடுத்து நின்ற இடத்தில் இறங்கி யோகா அக்காவைக் கூப்பிட்டேன். அது அவர் வீட்டிலிருந்து கிட்டவாம். அரை மணியில் குடையோடு வந்து சேர்ந்தார், ஒரு டப்பாவில் புட்டும் சம்பலும். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அதைத் தின்றபோது எனக்கு உயிர் வந்தது. மழை விடவில்லை. அடுத்த ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம். "இந்தா, பக்கத்திலைதான் மிருகக்காட்சிச்சாலை இருக்கு. உள்ளுக்கை சூடா இருக்கும்" என்று அழைத்துப் போனார். சூட்டுக்கு ஆசைப்பட்டுத்தான் போனேன், மிருகத்துக்கு இல்லை.

சிம்பன்சிகளுக்கு ஒரு பெரிய கண்ணாடிக் கூடம். உள்ளே கட்டைகள், கயிறுகள், வைக்கோல். நம் பக்கம் குரங்கு என்றால் மலைக்கோயில் படியில் தேங்காய் மூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற வகை. இவை அப்படி இல்லை. உட்கார்ந்திருக்கிற தோரணையே வேறு. ஒன்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தது. இரண்டு பெண் சிம்பன்சிகள் முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருந்தன. பின்னால் இருந்தது முன்னால் இருந்ததின் முதுகு முடியை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது, உதட்டைக் குவித்துக்கொண்டு, உலகத்தில் வேறு வேலையே இல்லாத மாதிரி. முன்னால் இருந்தது கண் சொருகிக் கிடந்தது. நான் என்னை அறியாமல் என் சடையைப் பிடித்துக்கொண்டேன். அந்த இடத்தைவிட்டு நகர மனசு வரவில்லை.

திடீரென்று ஒரு பெரிய ஆண், உடம்பு முடியெல்லாம் சிலிர்த்து நிற்க, கட்டைகளை உதைத்துக்கொண்டு ஓடி வந்தது. கூடமே அதிர்ந்தது. ஒரு பெண் சிம்பன்சி மூலையில் மாட்டிக்கொண்டது. ஆண் அதன்முன் போய் நின்றதும், அது உதட்டைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு வரிசைப் பல்லையும் காட்டிச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பாருங்கக்கா, அவன் குதிக்கிற குதிக்கு இவ எப்பிடிக் கேலியா இளிக்கிறா!" என்று கண்ணாடி ஓரம் போய் நானும் பல்லைக் காட்டினேன்.

உள்ளே போகிற கதவுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வேகமாக வந்தாள். பச்சை யூனிஃபார்ம், கையில் கேரட் வாளி. சிம்பன்சிகளைப் பார்த்துக்கொள்கிறவள். என்னிடம் ஏதோ சொன்னாள். யோகா அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார், "கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பல்லைக் காட்ட வேண்டாமாம்."

எனக்குச் சுருக்கென்றது. இங்கேயும் ஒரு சூப்பர்வைசரா! "ஏன், அதுங்க மட்டும் சிரிக்கலாம், நான் சிரிக்கக்கூடாதா?" என்று கேட்கச் சொன்னேன்.

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். யோகா அக்கா வரிவரியாகத் தமிழில் கொடுத்தார். "அது சிரிக்கேல்லையாம். பயந்துபோச்சாம். 'என்னை அடிக்காதை, நான் உன்னோடை எதிர்த்து நிக்கேல்லை' எண்டு கேக்குதாம். பயம் கூடக்கூட வாய் அகலமாப் போகுமாம். பாக்க வாற சனம் எல்லாரும் இதைத்தான் சிரிப்பெண்டு நினைச்சுப் படம் எடுக்கிறவையாம்."

நான் கண்ணாடியை விட்டு ஓரடி தள்ளி நின்றேன். "அப்போ சிரிக்கிறது எப்பிடி இருக்கும்?" என்று கேட்டேன்.

அவள் கைகாட்டினாள். இரண்டு குட்டிகள் வைக்கோலில் கட்டிப் புரண்டுகொண்டிருந்தன. வாய் தொளதொளவென்று திறந்திருந்தது, மேல்பல்லை உதடு மூடியிருந்தது, மூச்சு 'ஹஹ் ஹஹ்' என்று வந்தது. அதுதான் சிரிப்பாம். கோபம் என்றால் உதடு இரண்டும் இறுகி ஒட்டிக்கொள்ளுமாம், பல்லே தெரியாதாம். எல்லாம் எதிரிலேயே எழுதி வைத்த மாதிரி இருந்தது. கடுகளவு ஊசிக் கீறலைத் தோலில் கண்டுபிடிக்கிற கண் எனக்கு. கம்பெனியில் அதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரு முகத்தை எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

மூலையில் இருந்த பெண் சிம்பன்சி கொஞ்ச நேரம் கத்தியது. பிறகு அடங்கியது. பிறகு மெல்ல அந்த ஆணுக்குப் பக்கத்தில் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டே, கையை மட்டும் நீட்டியது. உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. ஆண் அந்தக் கையைத் தொட்டது, வாயைக் கொண்டு வந்து அதன் தோளில் வைத்தது. அவ்வளவுதான். ஐந்து நிமிஷத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று முடி பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன.

"யாரு மொதல்ல போவும்? அடிச்சதா, அடி வாங்கினதா?" என்று கேட்கச் சொன்னேன். யோகா அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ரெண்டும் போகுமாம். அனேகமா அடி வாங்கினது போகும். அடிச்சது தானாப் போறதும் இருக்காம்."

"ரெண்டுமே போகலன்னா?"

பச்சை யூனிஃபார்ம்காரி உதட்டைப் பிதுக்கினாள். "அப்பிடித் தள்ளித் தள்ளி இருந்தாத்தான் தங்களுக்குக் கவலையாம்" என்றார் யோகா அக்கா.

வெளியே வந்து, மழைக்கு ஒதுங்கிய ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுதேன். மறைத்து அழவில்லை, ஓவென்று அழுதேன். அந்த ஊரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, அது ஒரு வசதி. ரெபெக்காவைக் குரங்கோடு சேர்த்துப் பேசுகிறாளே என்று யாராவது நினைக்கலாம். நினைக்கட்டும். மேனேஜர் கத்தியபோது என் கன்னம் வலித்ததே, அப்போது நானும் அந்த மூலையில்தான் நின்றிருக்கிறேன். நான் அந்த இளிப்பை இளித்தது மூன்று நிமிஷம். ரெபெக்காவை அப்படி நிற்க வைத்தது நான். பல்லால் அவள் என்னிடம் கெஞ்சியிருக்கிறாள், அதற்கு நான் அவளைத் தண்டித்திருக்கிறேன்.

யோகா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் கேட்டார், "இப்ப அவ எங்கை இருக்கிறா?"

"அடுத்த ஊருதான். நடந்தே போலாம்."

அவர் குடையை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். "எனக்கும் ஒருத்தி இருந்தவள். ஒரே பள்ளிக்கூடம். யுத்தத்திலை இடம்பெயரேக்கை ஒருநாள் பின்னேரம் அவள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். அதுக்கு முதல்நாள் ஏதோ ஒரு சட்டைக்குச் சண்டை பிடிச்சனாங்கள். முப்பது வருஷமாத் தேடுறன், உயிரோடை இருக்கிறாளோ தெரியாது." அவர் அழவில்லை. "நடந்து போற தூரமோ உங்களுக்கு!" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

பாஷா பாய் சாயங்காலம் சர்ச்சைப் பார்த்துவிட்டு வந்து, படி எத்தனை, கோபுரம் எத்தனை உயரம் என்று ஒரு மணி நேரம் சொன்னார். நீ இன்னாம்மா பாத்த என்றார். குரங்கு என்றேன். இதுக்கு இவ்ளோ தூரமா என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மிச்ச நாட்கள் போனதே பெரும்பாடு. பகலெல்லாம் தையல், பச்சை ஸ்டிக்கர், தையல். சாயங்காலம் ஃபோனை எடுத்து ரெபெக்காவின் நம்பரைப் பார்ப்பேன். "நல்லா இருக்கியா" என்று அடிப்பேன், அழிப்பேன். எழுத்தில் அனுப்பினால் என் முகம் அவளுக்குத் தெரியாது, அவள் முகம் எனக்குத் தெரியாது. முகம் தெரியாமல் மறுபடி ஒரு தப்புப் பண்ண எனக்குத் தெம்பில்லை. பஸ்ஸில் என் தலையைப் பிடித்து அவள் ஒரு இழுப்பு இழுப்பாளே, அந்த வலிக்கு ஏங்கினேன் என்றால் யாராவது நம்புவார்களா? நாற்பது வயதுப் பொம்பளை, இரண்டு பிள்ளை பெற்றவள், ஒரு சிநேகிதிக்காகத் தலையணையை நனைத்தேன். கிளம்புகிற அன்று மேனேஜர் கை கொடுத்தார், வேலை சுத்தம் என்று யோகா அக்காவிடம் சொன்னாராம். எனக்கு மனசு அதில் இல்லை.

ஊர் வந்து சேர்ந்தது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் விடுகிற நேரம் பார்த்து அவள் ஊருக்கு நடந்தேன். வீட்டுக்காரர் வண்டியில் கொண்டு விடுகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். வார்த்தை ஒன்றையும் யோசித்து வைக்கவில்லை.

ரெபெக்கா வாசலில் உட்கார்ந்து கோழிக்கறி கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு சுற்று இளைத்திருந்தாள். நிமிர்ந்தவள் என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, சிரித்தாள். மேல்வரிசை, கீழ்வரிசை, அத்தனையும்.

"வாங்க மேடம். வாங்க, உக்காருங்க. வெளிநாடு போயிருந்தீங்களாமே."

முன்பாக இருந்தால் சந்தோஷமாகச் சிரிக்கிறாள் என்று நம்பியிருப்பேன். இப்போது அந்த வாய் எனக்குச் சொன்னது வேறு. அவள் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டுத் துடைத்தாள். நான் அதில் உட்காரவில்லை. கறித் தட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"ஐயோ மேடம், பொடவ ஈரமாயிடும்."

"அன்னிக்கு லைன்ல நீ சிரிக்கல இல்ல?" என்றேன்.

"அதெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு, விடுங்க மேடம்." பல் அப்படியே இருந்தது.

"ரெபெக்கா, நீ பயந்துட்ட. எனக்குத் தெரியல. நான் கேலின்னு நெனச்சுட்டேன். தப்பு என்னுது. எனக்கு உன் மூஞ்சியப் பாக்கத் தெரியல."

அவள் நின்றபடியே இருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பல் மறைந்தது. உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன, இறுகின, வெளுத்தன. மூக்கு விடைத்தது. அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். அடித்தால் அடிக்கட்டும், ஆண்டவா, இந்த இளிப்பு மட்டும் திரும்பி வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

"ஆமாண்டி, பயந்தேன்!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டில் அம்மி அரைத்த சத்தம் நின்றது. "உன்னப் பாத்துதாண்டி பயந்தேன்! பன்னெண்டு வருஷம் பக்கத்துல உக்காந்தவள நூல் வெட்ட அனுப்புன. அத்தன பேரு பாக்குறாங்க, நான் இன்னா பண்ணுவேன், அழுவவா? அழுதா இன்னும் திட்டுவியேன்னு சிரிச்சேன். அது கூடத் தெரியல உனக்கு? இன்னாத்துக்குடி நீ சூப்பர்வைசரு? இத்தினி நாளு வேணுமாடி உனக்கு இங்க வர?"

அவள் விடவில்லை. பஸ்ஸில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது, அவள் அம்மா செத்ததற்கு நான் வராதது, எனக்குப் பதவி கிடைத்ததை நானே சொல்லாமல் அடுத்தவர் சொல்லி அவள் கேட்டது, எல்லாவற்றையும் எடுத்தாள். அவள் அம்மா போனதே எனக்குத் தெரியாது. சொன்னேன். தெரிந்துகொள்ள நீ இருந்தியா என்று அதற்கும் திட்டினாள். அவள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். இத்தனை பேச்சையும் என்னிடம் சொல்லாமல் இவள் எங்கே வைத்திருந்தாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திட்டி முடிக்கும்போது வெயில் வாசலுக்கு வந்துவிட்டது. அவள் மூச்சு வாங்க என் எதிரில் உட்கார்ந்து, கறியை இழுத்து வைத்துக்கொண்டு மறுபடி கழுவ ஆரம்பித்தாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நான் உட்கார்ந்தே இருந்தேன்.